விக்கலுக்கு ஒரு பெயர்

போடிமெட்டுச் சாலையோரம் புதிதாகத் திறந்திருக்கும் கரீபியன் உணவகத்தில், நீலச் சுவரில் வரைந்த பச்சைக் கிளிகளுக்குக் கீழே, ரேணுகாவும் அனுசியாவும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம் இறங்குகிறது. போன வருஷம் ஏலத்தோட்டத்து ஜீப்பு உருண்டு, இவர்களுடைய சிநேகிதி பானுப்பிரியா செத்துப்போன வளைவு பாதி மறைந்துவிட்டது. தகரப் பீப்பாயைத் தட்டுவதுபோன்ற இசை ஒலிபெருக்கியில் துள்ளிக்கொண்டிருக்கிறது. கரியில் சுட்ட கோழியின் முதல் துண்டிலேயே காரம் ஏறி அனுசியாவுக்கு விக்கல் எடுக்கிறது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. “யாரோ ஒன்னைய நெனைக்கிறாகடீ. சரியான பேரச் சொன்னா நின்னுரும்,” என்று சிரிக்கிறாள் ரேணுகா. “ஒங்க ஆத்தாவா?” விக்கல். “ஒன் வீட்டுக்காரரா?” விக்கல். “தேவாரம் ஊரு மதினியா?” அதற்கும் விக்கல்தான். பொரித்த வாழைப்பழத்தின் எண்ணெய்ப் பளபளப்பில் தொங்குவிளக்கு நடுங்குகிறது. தெரிந்த பெயரெல்லாம் தீர்ந்துபோகிறது. பக்கத்தில் காலியாக இருக்கும் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தபடி, விளையாட்டின் வேகத்திலேயே, “பானுவா?” என்று கேட்டுவிடுகிறாள் ரேணுகா. விக்கல் நின்றுவிடுகிறது. இருவரும் காத்திருக்கிறார்கள். வரவில்லை. “காரந்தான்டீ, வேறென்ன,” என்கிறாள் ரேணுகா. அனுசியா தலையாட்டுகிறாள். பரிமாறுகிறவர் வந்து தேங்காய்ச் சோற்றை வைத்துவிட்டுப் போகிறார். ஆவி பறக்கிறது. ரேணுகா சோற்றைத் தொடவேயில்லை. ஆனால் அவள் தொண்டையில் ஒரு விக்கல் துள்ளுகிறது. இன்னொன்று. அனுசியா தண்ணீரை அவள் பக்கம் நகர்த்துகிறாள். எந்தப் பெயரையும் சொல்லவில்லை.