பொத்தான் மாலை

பழைய பேப்பர் கடையில் பொறுக்கி எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோவைச் சாருலதா மேசைமேல் வைத்தாள். அண்ணனும் தங்கையும் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம். கண்காட்சிக்காக அவள் செய்யும் ஒட்டுப்படத்துக்கு ஒரு முகம் போதும். கத்தரிக்கு அண்ணன் ஏது, தங்கை ஏது? அண்ணன் குப்பைக்கூடைக்குப் போனான். தங்கையின் தோளில் அவனுடைய நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சின.

அப்புறம் தெருவில் கிடைத்த சட்டைப் பொத்தான்களைக் கோத்து, தங்கையின் படத்துக்கு மாலையாக ஒட்டினாள்.

"எனக்கு எதுக்கு மாலை?" என்று போட்டோ பதறியது. "இந்த முகத்துக்காரி உயிரோடதான் இருக்கா. அலமாரியை ஒழிச்சப்ப அவ மருமக என்னைத் தூக்கிப் போட்டுட்டா, அவ்வளவுதான்."

"பேப்பர் கடைக்கு வந்துட்டா செத்தவங்கதானே?" என்றது நடுவிலிருந்த பொத்தான். "எனக்கே இப்பதான் மாலையாகிற யோகம் வந்திருக்கு. கெடுக்காதே."

கண்காட்சிச் சுவரில் படம் ஏறியது. ஒருநாள் ஒரு கிழவர் அதன்முன் நின்றார். தோளிலிருந்த விரல்களில் சுண்டுவிரல் கோணியிருந்தது. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். அதே கோணல்.

"ஊரூரா உன்னைத் தேடிக்கிட்டிருந்தேனே, பாப்பா," என்றார். அப்போதுதான் மாலையைக் கவனித்தார்.

"அண்ணே, அவ இருக்கா! தேடு!" என்று போட்டோ கத்தியது. மனிதக் காதில் அது விழவில்லை.

கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரரிடம், "இனி எந்த ஊருக்கும் போக வேண்டாம்ப்பா, வீட்டுக்கே விட்டுடு," என்றார்.

"பார்த்தியா," என்று பூரித்தது பொத்தான், "என்னைக் கும்பிட்டுட்டுப் போறாரு!"