கூலிக்காரன் குதூகலம்

கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. புகைப்படச் சங்கத்தின் கூட்ட அறையில், வாய்க்குப் போன தேநீர்க் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

"யாருய்யா இங்க தலைவர்?"

கையிலிருந்த ஆண்டு மலரை மேசைமேல் ஓங்கி அறைந்தார் வந்தவர். உலு திராம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மரியநாதன்.

தலைவர் சதாசிவம் நிதானமாக நிமிர்ந்தார். அன்று மாலை அவருக்குத் தங்கப் பதக்கம் அணிவிக்கும் விழா. ஜோகூர் பாருவின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அழைப்புப் போயிருந்தது.

"நாந்தான். என்ன சங்கதி?"

மரியநாதன் நடுப்பக்கத்தை விரித்தார். கிணற்றடியில் சட்டையில்லாத ஒரு மனிதன். முகமெல்லாம் சவரச் சோப்பு நுரை, கையில் கத்தி, வாய் கொள்ளாத சிரிப்பு. அவன் காலடி மணலில் படம் பிடித்தவரின் நிழல், ஒரு பக்கம் புடைத்த தலையோடு நீண்டு கிடந்தது. கீழே பெரிய எழுத்தில்: 'கூலிக்காரன் குதூகலம். முதல் பரிசு. படம்: சதாசிவம்.'

"இது யாருன்னு தெரியுதா?"

சதாசிவம் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கணம் தயங்கிவிட்டுச் சிரித்தார்.

"அலமாக்! நீங்கதானா? கிராணியைப் போய்க் கூலின்னு போட்டுட்டோமே! கோவிச்சுக்காதீங்க லா. அடுத்த மலர்ல திருத்திடலாம்."

"அதோட ஒரு சட்டையும் வரைஞ்சு விட்டுடலாம்," என்றார் செயலாளர் ரோலண்ட். அறையே குலுங்கியது.

மரியநாதன் மேசையைத் தட்டினார்.

"சிரிங்கய்யா, நல்லாச் சிரிங்க. கூலின்னு போட்டா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல. ஆனா இன்னிக்கு அந்தப் பதக்கம் இவரு சட்டையில ஏறக் கூடாது. இந்தப் படத்தை எப்ப எடுத்தீங்க? அதைச் சொல்லுங்க."

"ஒரு நாள் காலையில உங்க தோட்டத்துப் பக்கம் வந்தேன். என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. அப்படியே அமுக்கிட்டேன்."

"ஒங்களப் பாத்து? நானு? இப்படிச் சிரிச்சேனா?"

"பின்ன எதிர்ல வேற யாரு நின்னாங்க?" சதாசிவம் ஒரு கையால் வழுக்கைத் தலையைத் தடவியபடி, மறுகை விரலை நிழல்மேல் வைத்தார். "இதோ பாருங்க, நிக்கிறது நாந்தானே? இந்த நிழலுக்காகத்தான் பரிசே குடுத்திருக்காங்க. நான் கையெழுத்துப் போட்ட மாதிரி!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" மரியநாதன் சுற்றிலும் பார்த்தார்.

"போன மாசம் ஒங்க சங்கத்து இருட்டறையில ஒரு பிலிம் ரோலு கழுவக் குடுத்தேன். வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுன்னு சொல்லி, வெறுங்கையோட அனுப்பினீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" சதாசிவம் கத்தினார். விரல் மட்டும் நிழலைவிட்டு நகரவில்லை.

மரியநாதன் குனிந்து அந்த விரலைப் பிடித்து, நிழலின் தலைமேல் அழுத்தி வைத்தார்.

"ஒங்க நிழல்ல எப்படிய்யா எம் பொண்டாட்டி கொண்டை வந்துச்சு?"