பரம்பரை பார்த்தல்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகம் கொண்டுவருவதில்லை. தங்கள் மூதாதையர் வாழ்ந்த நாட்களையே சுவரில் படம்போல ஓட்டிக் காட்டுகிறார்கள். என்னைப் பார்க்க வந்த இளங்கீரன் வீட்டார் பெருமையோடு அவனுடைய கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சுவரில் அந்த மனிதர் சாப்பிட்டு முடித்தார். சப்பிய முருங்கைக்காய்ச் சக்கையை இலையிலேயே துப்பி, அதிலேயே கையும் கழுவிவிட்டு, ஏப்பத்தோடு எழுந்தார். அவர் மனைவி அதே இலையின் முன் உட்கார்ந்து தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

"என்ன ஒரு பக்தி பாருங்க!" என்று உருகினார் இளங்கீரனின் அப்பா.

"தாத்தா செம கெத்துல்ல?" என்று சிரித்த இளங்கீரன், தான் பாதி தின்ற கேசரித் தட்டை என் பக்கம் தள்ளினான். "சும்மா, விளையாட்டுக்கு. ஒரு வாய்."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். யாரும் சொல்லாமலே அவன் அம்மா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சுவரைப் பார்த்தபடியே மிச்சத்தைத் தின்னத் தொடங்கினார்.

"அடுத்தது எங்க அப்பா. போடட்டுமாம்மா?" என்றார் இளங்கீரனின் அப்பா.

"வேணாம் அங்கிள். கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."