முக்காலியின் மேல் நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் மரமாகத் தொட்டியில் ஊன்றிய சவுக்குக் கிளையில் சாயங்கால வெயில் பட்டுப் பாசிமணிகள் மினுங்குகின்றன. இந்த வீட்டில் அவரவர் சோடனையை அவரவர்தான் கட்டவேண்டும். உச்சியில் கட்டும் ஜிகினா நட்சத்திரம் மூத்தவன் தேவசகாயத்துடையது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தபின், அங்கே பட்டாளத்தில் இருந்த அவனைப் பற்றித் தகவலே இல்லை. அவன் அப்பா மாசிலாமணி நட்சத்திரத்தோடு முக்காலியில் ஏறுகிறார். “இறங்குங்க,” என்கிறாள் அம்மா. “செத்தவுகளோடதத்தான் அடுத்தவுக கட்டுறது. எம்புள்ளைக்கு என்ன?” அவர் மெல்ல இறங்குகிறார். “மரம் மொட்டையா நிக்குதுடி.” “நிக்கட்டும். அவன் வந்து கட்டுவான்.” நட்சத்திரத்தை அவர் முக்காலியின் மேலேயே வைக்கிறார். உதிர்ந்த சவுக்கு ஊசிகளைப் பெருக்கிக்கொண்டு வருகிறாள் தேவசகாயத்தின் மனைவி. குனிந்த தலை நிமிரவில்லை. முக்காலியை மட்டும் நகர்த்தாமல், அதைச் சுற்றியே பெருக்குகிறாள்.