பரிசீலனையில் இருக்கிறது

“போட்டோவில இடது காது சரியாத் தெரியலம்மா. வேற எடுத்துட்டு வாங்க.”

மூன்றாம் கவுண்டர்க்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு அந்தச் சேவை மையத்துக்கு வருவது இது ஏழாவது தடவை.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் இலவச டயாலிசிஸ். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை உண்டு. இனி அட்டையெல்லாம் கிடையாது, பழைய அட்டைக்காரர்கள் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஐந்தே நிமிட வேலை என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

அந்த ஐந்து நிமிடம்தான் ஆறு மாதமாக முடிந்தபாடில்லை. முதல் தடவை, கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்றார். அடுத்த தடவை, கதவு எண் மங்கலாக இருக்கிறது என்றார். ஒரு தடவை சர்வர் வேலை செய்யவில்லை என்றார். பக்கத்துக் கவுண்டரில் அதே சர்வர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் ஒழுங்காக வேலை பார்க்க வேண்டும் என்று அவர் தலைக்கு மேல் கேமரா வைத்து, பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். அதற்கும் அசரவில்லை அந்த மனுஷன். சரியான கல்லுளிமங்கன்.

“அறுபத்தெட்டு வருஷமா காது அங்கேயேதான் இருக்கு” என்று அப்பா முணுமுணுத்தார். அவருக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தன.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “எல்லாக் குறையையும் ஒரே நாள்ல சொல்லித் தொலைச்சா என்ன சார்? இவரை இழுத்துக்கிட்டு எத்தனை தடவை அலையறது?”

“பழைய அட்டை ஓடுதுல்லம்மா? அவசரப்படாதீங்க. அடுத்த மாசம் வாங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையோ எதிர்பார்த்துத்தான் இப்படி இழுத்தடிக்கிறார், வாய்விட்டுக் கேட்கத்தான் கேமரா விடவில்லை என்று முடிவு கட்டினாள்.

புகார் கொடுப்பதற்கென்று அரசாங்கமே ஒரு செயலி வைத்திருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஏழு தேதியையும் ஏழு காரணத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். பாவம், அவன் பிழைப்பைக் கெடுக்காதே என்றார் அப்பா. நம் பிழைப்பு கெட்டது போதாதா என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூன்றே நாளில் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், நாளை நேரில் வரவும் என்றிருந்தது.

மறுநாள் மையத்தில் நல்ல கூட்டம். மூன்றாம் கவுண்டரில் இத்தனை நாள் அலைந்தவர்களை எல்லாம் ஒன்றாக வரச் சொல்லியிருந்தார்கள். புகார் கொடுத்தது தான்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் அவளே சொல்லிக்கொண்டாள். ஆளாளுக்கு மெச்சினார்கள்.

கவுண்டரில் புதிதாக ஓர் இளம்பெண் இருந்தாள். அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னாள். ஏற்கெனவே கொடுத்த போட்டோவே போதும் என்றாள். மளமளவென்று தட்டி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

“அனுப்பிட்டேன்க்கா. முடிவு உடனே போனுக்கு வந்துடும்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி முதலிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அதற்குள் போன் ஒலித்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பழைய அட்டை இன்று முதல் செல்லாது.

இரண்டு தடவை படித்துவிட்டுப் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் தன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“உங்க குடும்பத்துல ஒருத்தருக்கு நல்ல சம்பளம்னு காட்டுதுக்கா. உங்க அண்ணன்.”

“அவன் சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆச்சும்மா. எங்க இருக்கான்னே தெரியாது.”

“அதை எழுத இதுல இடம் இல்லையே. பேரை எடுக்கணும்னா அவரே நேர்ல வந்து விரல் வைக்கணும்.”

நாளைக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். அதை இந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் சொன்னாள். பிறகு, இத்தனை நாள் மட்டும் அட்டை எப்படிச் செல்லுபடியாயிற்று என்று கேட்டாள்.

அந்தப் பெண் தலைக்கு மேலிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“விண்ணப்பம் பரிசீலனையில இருக்கிற வரைக்கும் பழைய அட்டை செல்லும். ஏதாவது குறை எழுதினா இன்னும் முப்பது நாள் பரிசீலனையிலேயே நிக்கும். அனுப்பினா தள்ளுபடி ஆயிடும்னு அவருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு. அதான் ஏழு தடவை குறை எழுதியிருக்கார்.”

அவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் ஒரு குறை எழுதிடும்மா. அடுத்த மாசம் வான்னு சொல்லு. எத்தனை தடவை வேணும்னாலும் வர்றோம்.”

“போனதைத் திரும்ப எடுக்க முடியாதுக்கா. இதே மாதிரி இன்னும் நாப்பத்தோரு பேரோடதை அவர் நிறுத்தி வச்சிருக்கார். உங்க புகாருக்கு அப்புறம், ஒண்ணைக்கூட நிறுத்தக் கூடாது, எல்லாத்தையும் இன்னிக்கே அனுப்பிடணும்னு உத்தரவு.”

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். முகமெல்லாம் வீங்கிய ஒரு சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையில் மஞ்சள் அட்டையோடு ஒருவர் வேகமாக வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

“புகார் குடுத்தவங்க நீங்கதானே? நல்லா இருப்பீங்கம்மா. உங்களாலதான் என் பொண்ணுக்கும் இன்னிக்கு ஒரு முடிவு தெரியப்போகுது.”