வரிசைக்கு வெளியே

மலைக்கு இரண்டு பக்கமும் ஈச்சம்பூவில் வாழும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வெகுகாலம் பிரிந்து கிடந்ததில் உள்ளுக்குள் வேறாகிவிட்டது. சேர்த்து வைத்தால் கூடும். கூடிப் பிறந்த கலப்பு தாய் தகப்பனைவிடக் கொழுத்து வளரும். அதன் வித்துகள் மட்டும் முளைப்பதில்லை. ஆய்வகத்தில் அமிர்தவல்லி அந்த வித்துகளைக் கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டில் வரிசையாக வைப்பாள். ஒவ்வொரு தட்டும் வெறுமையாகவே இருக்கும்.

சாப்பாடு கொண்டுவந்த கணவன் தணிகைவேல் கலப்பு வளர்ந்த தட்டையும் வித்து வைத்த தட்டையும் எட்டிப் பார்த்தான். “நம்மள மாதிரியே இருக்கு அமிர்தம். வாரிசு இல்லாட்டியும் கொழுத்துப் போய் ஜம்முனு இருக்கு.”

“வாயக் கழுவுங்க.” சிரித்துவிட்டாள். கடைசி மருத்துவரும் கைவிரித்தாயிற்று. காப்பகத்தில் ஒரு குழந்தை இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வயிற்றில் வராதது மடியில் தங்காது என்று அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏய், இங்க ஒண்ணு மொளச்சிருக்கு பாரு.”

வரிசைக்கு வெளியே ஒரு வெள்ளைப் புள்ளி. “அது நான் வெச்சது இல்லங்க. மூடியத் தொறந்தப்ப காத்துல வந்து விழுந்திருக்கும். தட்டையே தூக்கிப் போட்டுறணும்.”

“பாவம், எடம் தேடி வந்திருக்கு. நீ தூக்கிப் போடணுங்குற.”

கழிவுத் தட்டுகளை வேகவைக்கும் பெரிய குக்கரைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. தட்டை உள்ளே வைக்காமல் கையில் பிடித்தபடி நின்றாள்.

“அங்க இருக்குறது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?” என்று அவனைப் பார்க்காமல் கேட்டாள்.