எழுத்து எழாத ஏடு

அன்று சபையில் இருந்தவர்கள் நால்வர்: பாளையக்காரர் வீரகஞ்சைய நாயக்கர், தளவாய் உலகப்பன், குறிசொல்லும் கோடாங்கி சடையாண்டி, ஏடு எழுதும் எங்கள் குலத்தின் மூத்தவள் பேராத்தாள்.

எதிரி தன் ஒற்றனுக்கு அனுப்பிய ஏடு பேராத்தாளின் பெட்டியில் அகப்பட்டதாகத் தளவாய் சொன்னார். ஆணியால் கீறிய எழுத்து கரி பூசினால்தான் தெரியும் என்பதால், பட்டுத்துணியில் கரியைத் தொட்டு ஏட்டின்மேல் தேய்த்தும் காட்டினார். ஓர் எழுத்தும் எழவில்லை.

"மந்திரக்கட்டு. யாருக்கு எழுதியதோ, அவர் விரல் பட்டால்தான் எழுத்து எழும்" என்றார் கோடாங்கி.

நாயக்கர் தொட்டார், கோடாங்கி தொட்டார், பேராத்தாளும் தொட்டாள். ஏடு வெறுமையாகவே இருந்தது.

"மாற்று மந்திரம் போட்டிருக்கிறாள். கழுவில் ஏற்றுங்கள்!" என்றார் தளவாய்.

பேராத்தாள் சிரித்துவிட்டாள். "துணியால் ஏட்டுக்குக் கரி பூசுகிறவரை இன்றுதான் பார்க்கிறேன். துணி கரியைக் குடித்துவிடும், ஐயா. எங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட வெறும் விரலால்தான் தேய்ப்பார்கள்."

"நீரே விரலால் தேயுமய்யா" என்றார் நாயக்கர் தளவாயிடம்.

தளவாயின் விரல் நகர நகர, வரிவரியாக எழுத்து எழுந்தது. முதல் வரியில் அவர் பெயர் இருந்தது.

பேராத்தாள் அவர் தலையைக் கேட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அவள் கேட்டது அந்த விரலை மட்டும்தான்.